கடும்வெட்டு

எங்கள் வீட்டில் குடிக்கிறவர் என் புருஷன் ஜெயசிங். ஈரல் கெட்டது எனக்கு. இதைக் கேட்டுச் சிரிக்காதவர்கள் திருவட்டாறில் குறைவு. நானே முதலில் சிரித்தேன். திருவிருந்தில் போதகர் நீட்டுகிற ஒரு மடக்கு திராட்சை ரசத்தைத் தவிர வேறெதுவும் நாக்கில் படாத இந்த ராஜபாய்க்கு ஈரலில் தழும்பு என்றால் சிரிக்காமல் என்ன செய்வது?

முதலில் வந்தது அரிப்பு. வீட்டுக்குப் பின்னால் ஏறிப்போகிற சரிவில் எங்கள் ரப்பர் மரங்கள் நிற்கின்றன. என் கல்யாணத்தின்போது அப்பா என் பேரில் எழுதித் தந்த நிலம் அது. தாணு வந்து பால் வெட்டுவான். அந்தப் பாலை வாங்கி, தட்டில் ஊற்றி, ஆசிட் விட்டு உறைய வைத்து, ரோலரில் கொடுத்து ஷீட் ஆக்குவது என் வேலை. கை அரித்தபோது ஆசிட்டால் வந்தது என்று நினைத்தேன். கையுறையை மாற்றினேன். கடையை மாற்றி வேறு ஆசிட் வாங்கினேன். பிறகு உள்ளங்கால் அரித்தது. காலில் ஆசிட் எப்படிப் படும் என்று யோசிக்கிற புத்தி எனக்கு வரவில்லை. ரோலரின் கைப்பிடியைச் சுற்றும்போது உடம்பு தள்ளாடியது, வயசாகிறது என்று விட்டுவிட்டேன். இந்தப் பக்கத்தில் ஷீட் அடிக்கிற எந்தப் பெண்ணும் அப்படித்தான் நினைத்திருப்பாள். ஒரு வருஷத்துக்கு மேல் ஆசிட் விற்கிறவனைத் திட்டித் தீர்த்தேன், பாவம் அவன்.

என் மகள் ரெனிஷா மஸ்கட்டில் நர்ஸ். லீவுக்கு வந்தவள் என் கண்ணின் வெள்ளையைப் பார்த்தாள், நான் சொறிந்து சொறிந்து புண்ணாக்கி வைத்திருந்த முழங்கையைப் பார்த்தாள். மறுநாளே ரத்தம் எடுக்க வைத்தாள். அவள் லீவு முடிந்து திரும்பிப் போவதற்குள் நாகர்கோவிலில் டாக்டர் பெனினிடம் என்னைக் கொண்டு சேர்த்துவிட்டாள். டாக்டருக்கு அவள் வயசுதான் இருக்கும். படுக்க வைத்து விலா எலும்பின் மேல் ஒரு கருவியை வைத்துச் சுண்டிச் சுண்டிப் பார்த்தார். வலிக்கவில்லை. தேங்காய் முற்றிவிட்டதா என்று தட்டிப் பார்க்கிறவர் முகம் அவருக்கு.

"இது குடிச்சு வர்றது இல்லம்மா. பித்தம் போற சின்னச் சின்னக் குழாய்களை உங்க உடம்பே எதிரின்னு நெனச்சுத் தாக்குது. பித்தம் தேங்கி ஈரல்ல தழும்பு விழுது. அரிப்பும் சோர்வும் அதனாலதான். இதுல நாலு நிலை சொல்லுவோம். உங்களுக்கு இப்போ மூணு."

"மூணுண்ணா நாலுக்குப் பக்கத்துலயா சாரே?" என்று கேட்டார் ஜெயசிங்.

"அப்படி அளக்க முடியாது. சிலபேர் மூணுலயே வருஷக்கணக்கா இருப்பாங்க. மருந்து நல்லாப் பிடிச்சா அப்படியே நின்னுடலாம். சிலருக்குச் சீக்கிரம் நாலாகும். நாலுன்னா ஈரல் சுருங்கி இறுகிப்போறது. அப்பவும் உடனே ஆபத்துன்னு இல்ல, பலபேர் நடமாடிக்கிட்டுத்தான் இருக்காங்க. ரொம்பக் கெட்டுப்போனா மட்டும்தான் மாத்து ஈரல் வைக்கிற பேச்சு."

"நாலு ஆவதுக்கு எத்தன வருஷம் எடுக்கும்?"

"சொல்ல முடியாதுங்க."

"ஒரு உத்தேசமாச் செல்லுங்க சாரே. எங்களுக்குச் செய்ய வேண்டியது உண்டுமில்லியா?"

"உத்தேசமாச் சொன்னா அது பொய்யாத்தான் இருக்கும். மாத்திரை தர்றேன். ஆறு மாசம் கழிச்சு ரத்தம் பார்த்தா மருந்து வேலை செய்யுதான்னு தெரியும். அதுவரைக்கும் எனக்கும் தெரியாது."

ஜெயசிங் எழுந்திருக்கவில்லை. வெளியே டோக்கன் எடுத்தவர்கள் காத்திருந்தார்கள். நான்தான் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். பஸ்ஸில் தக்கலை தாண்டும் வரை அவர் மருந்துச் சீட்டையே திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "படிச்ச டாக்டருக்கு ஒரு கணக்குச் செல்லத் தெரியல்ல" என்றார்.

ஊருக்கு விஷயம் தெரிய அரை நாள் கூட ஆகவில்லை. சபையிலிருந்து நேசம்மாள் வேதப்புத்தகத்தோடு வந்துவிட்டாள். ஸ்டேஜ் என்ற சொல் எங்கள் ஊரில் ஒரே ஒரு வியாதிக்குத்தான் உண்டு.

"ஸ்டேஜ் மூணாமே ராஜபாய்? கட்டி எந்த எடத்துல?"

"கட்டி ஒண்ணும் இல்ல அக்கா. இது வேற."

"எங்க மைனிக்கும் வேறண்ணுதான் செல்லிச்சினும்" என்று மூக்கை உறிஞ்சினாள். அப்புறம் என் தலையில் கை வைத்து, எனக்கு நல்ல முடிவைத் தரும்படி ஆண்டவரிடம் கேட்டாள். முடிவைத் தரச் சொல்லி யார் உன்னைக் கேட்கச் சொன்னது என்று வாய்வரை வந்தது. நேசம்மாள் மனசில் கள்ளம் கிடையாது, அதனால் டீ போட்டுக் கொடுத்து அனுப்பினேன்.

நேசம்மாளை விடுங்கள். என்னைப் படுத்தி எடுத்தது ஜெயசிங்கின் மாற்றம். முப்பது வருஷமாக மாலையானால் குடித்துவிட்டு, மீனில் உப்பு கூடிவிட்டது, குறைந்துவிட்டது என்று சண்டை பிடிக்கிற மனுஷன் திடீரென்று குடியை விட்டார். சண்டையையும் விட்டார். ஷீட் தட்டுகளை அவரே கழுவி வைத்தார். சந்தையில் எனக்குப் பிடித்த மீனாகத் தேடி வாங்கி வந்தார். ஒருநாள் சாளைக் குழம்பில் வேண்டுமென்றே உப்பே போடாமல் வைத்தேன். "கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு" என்று சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார். அந்த நிமிஷம்தான் எனக்கு முதல்முறையாகச் சாவுபயம் வந்தது. டாக்டர் ஸ்டேஜ் சொன்னபோதுகூட அவ்வளவு பயப்படவில்லை.

ஒருநாள் கீரிப்பாறையில் கல்யாண வீடு என்று சொல்லிவிட்டுக் காலையில் போனவர் பொழுது சாயும் நேரத்தில்தான் வந்தார். கல்யாண வீட்டிலிருந்து வருகிறவர் வாயில் வெற்றிலையும் இல்லை, பிரியாணி வாசமும் இல்லை. யார் வீட்டுப் பெண் என்று கேட்டேன். தெரியாது என்றார். எனக்கு அன்று கேள்வி கேட்கவும் தெம்பில்லை. இந்தச் சோர்வைப் பற்றிச் சொன்னால் யாருக்கும் விளங்குவதில்லை. தூங்கி எழுந்தாலும் தூங்காதது போலவே இருக்கும்.

ரப்பர்காரர்களைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். எங்களுக்கு எல்லாவற்றுக்கும் வருஷக் கணக்கு உண்டு. கன்று நட்டால் ஏழாம் வருஷம் கத்தி வைக்கலாம். ஒரு பக்கப் பட்டையை மேலிருந்து கீழ்வரை வெட்டி முடிக்க ஐந்தாறு வருஷம். அப்புறம் மரத்தைச் சுற்றி மறுபக்கம், அதற்கும் அவ்வளவே. அதற்குள் முதல் பக்கத்தில் புதுப்பட்டை வந்துவிடும், அதை இன்னும் கொஞ்ச காலம் வெட்டலாம். எல்லாப் பட்டையும் தீர்ந்து, மரத்தை முறிக்க நாள் குறித்த பிறகு, கடைசியாக இரண்டு வருஷம் கடும்வெட்டு. ஏணி வைத்து மேலேயும் வெட்டுவார்கள், கீழேயும் வெட்டுவார்கள், இரண்டு பக்கமும் வெட்டுவார்கள். பால் கூடுதலாக இறங்க மருந்து பூசுவார்கள். மரம் என்ன ஆகும் என்று யாரும் பார்ப்பதில்லை, எப்படியும் சாகப்போகிற மரம்தானே. ஆன்ட்ரூஸ் மாதிரி கான்ட்ராக்டர்கள் முன்பணம் தந்து கடும்வெட்டுக்கு எடுப்பார்கள்.

எங்கள் மரங்கள் அப்போதுதான் இரண்டாம் பக்கத்துக்குத் திரும்பியிருந்தன. இன்னும் பத்துப் பதினைந்து வருஷம் தாராளமாகப் பால் தரும்.

மாத்திரை தொடங்கி நாலு மாசம் ஆகியிருக்கும். காலையில் பால் வரவில்லை. தாணு வெறும் கையோடு வந்து முற்றத்தில் நின்றான்.

"என்ன தாணு, வெட்டு இல்லியா இண்ணு?"

"ஜெயசிங் அண்ணன் என்ன இனிமே வராண்டாம்ணு செல்லியாச்சு அக்கா. உங்களுக்குத் தெரியாதா?"

"எனக்கு என்ன தெரியும்? ஏன் வராண்டாம்?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "ஆன்ட்ரூசுக்க ஆளுவ ஏணியோட மேல நிக்காவ."

நான் செருப்பைக்கூடத் தேடவில்லை. அந்தச் சரிவில் என் சின்ன வயசில் ஓடியிருக்கிறேன். அன்று ஒவ்வொரு மரமாகப் பிடித்துப் பிடித்துத்தான் ஏற முடிந்தது. மேலே போய்ப் பார்த்தபோது இரண்டு வரிசை முடிந்திருந்தது. இன்னும் கத்தியே படாமல் வைத்திருந்த மேல்பட்டையில் ஒரு வெட்டு. இப்போதுதான் ஆறி மூடிவந்த பழைய பக்கத்தில் ஒரு வெட்டு. தாணு நூல் பிடித்த மாதிரி வெட்டி வைத்திருந்த பக்கத்தில் தடிதடியாக இன்னொன்று. பால் வழிந்து சிரட்டை நிறைந்து தரையில் சொட்டியது. ஒரு பையன் பிரஷ்ஷால் மருந்து பூசிக்கொண்டே வந்தான்.

"எறங்குலே கீழ! எனக்க மரத்துல ஆருலே உன்ன ஏறச் சொன்னது?"

ஆன்ட்ரூஸ் ஓடி வந்தார். "அக்கா, கத்தாதுங்க. அண்ணன் பேசி முடிச்சு அட்வான்ஸும் வாங்கியாச்சு. ரெண்டு வருஷத்துக்கு."

"மரம் எனக்க பேருல உள்ளது. அண்ணனுக்க பேருல இல்ல. ஏணிய எடும்."

"அண்ணன் வரட்டு அக்கா."

அண்ணன் வந்தார். யாரோ போன் செய்திருக்க வேண்டும், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இளைக்க இளைக்க ஏறி வந்தார். "ஏட்டி, வீட்டுக்கு வா. நான் எல்லாம் செல்லுதேன். இஞ்ச நிக்காத, உனக்கு ஆவாது."

"நான் வரல்ல. இஞ்சயே செல்லுங்க. இந்த மரத்துக்கு எத்தன வருஷம் இருக்குண்ணு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"பின்ன என்னத்துக்குக் கடும்வெட்டு?"

அவர் ஆன்ட்ரூசைப் பார்த்தார். ஆன்ட்ரூஸ் ஏணிப் பக்கம் திரும்பிக்கொண்டார். "உனக்கு நாலு ஆனா ஆஸ்பத்திரிக்காரன் பைசா எண்ணி வச்சாத்தான் தொடுவான். அப்பம் நான் எங்க ஓடுவேன்? இப்பமே சேத்து வைக்கணுமில்லியா?"

"நாலு எப்பம் ஆவும்ணு டாக்டர் செல்லினாரா?"

"செல்லல்ல."

"பின்ன ஆன்ட்ரூசுட்ட ரெண்டு வருஷம்ணு செல்ல உங்களுக்கு ஆரு கணக்குத் தந்தது?"

எனக்கு உடம்பெல்லாம் அரித்தது, கோபத்தில் அது இன்னும் கூடும். முழங்கையைச் சொறிந்துகொண்டே கத்தினேன். என்ன சொன்னேன் என்பதெல்லாம் எழுதக் கூடியதில்லை. உயிரோடு நிற்கிறவளை முறிக்கப்போகிற மரம் என்று எழுதிக் கொடுத்துவிட்டீர்கள் என்றேன். நான் செத்தபிறகு குடிக்கக் காசு வேண்டும் என்றுதானே இப்போது குடியை விட்டு நல்லவன் வேஷம் போடுகிறீர்கள் என்றுகூடச் சொன்னேன். அது நியாயமில்லை என்று சொல்லும்போதே தெரியும், ஆனாலும் சொன்னேன்.

ஜெயசிங் பால் சொட்டிக் கிடந்த தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணு நான் கீரிப்பாறைக்குப் போவல்ல ஏட்டி. திருவனந்தபுரத்துக்காக்கும் போனேன். பெரிய ஆஸ்பத்திரிக்கு. எனக்க ஈரல்ல பாதிய உனக்கு வைக்க முடியுமாண்ணு கேக்க."

முழங்கையைச் சொறிவதை விட்டேன்.

"ரத்தம் ரெண்டுபேருக்கும் ஒண்ணுதான்ணு செல்லினாவ. எனக்குச் சந்தோசமா இருந்து. பொறவு ஸ்கேன் எடுத்தாவ. கொழுப்பு அடஞ்ச ஈரலாம். குடிச்சுக் குடிச்சு வச்சிருக்கேன். இது ஆருக்கும் கொடுக்கக் கொள்ளாதுண்ணு செல்லிட்டாவ. அந்தப் பொண்ணு கம்பியூட்டர்ல பாத்து, சாதாரணமாச் செல்லிச்சு." அவர் உள்ளங்கையால் முகத்தைத் துடைத்தார். கையில் ஒட்டியிருந்த பால் முகத்தில் அப்பிக்கொண்டது. "எனக்க ஈரலு கொள்ளாது. ரெனிஷா பிள்ள பெறாத்தவ, அவள வெட்டக் கொடுக்க மாட்டேன். பின்ன எனக்கு மரமில்லாம வேற என்ன இருக்கு, நீயே செல்லு."

திட்டுவதற்கு இன்னும் நிறைய வைத்திருந்தேன். அவ்வளவையும் விட்டுவிட்டேன். அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன், எழுந்திருக்க ஆள் பிடிக்க வேண்டியிருக்கும் என்று தெரிந்தும் உட்கார்ந்தேன். இந்த மனுஷன்மேல் எனக்கு இருக்கிற கோபமும் பிரியமும் ஒரே இடத்தில்தான் கிடக்கின்றன, தனித்தனியாக எடுக்க முடியவில்லை.

"நான் சாவமாட்டேன்ணு நான் செல்லல்ல" என்றேன். "ஆனா எப்பம்ணு உங்களுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரியாததுக்கு எனக்க மரத்த வெட்டாதுங்க."

ஆன்ட்ரூஸ் நல்ல மனுஷன்தான். முன்பணத்தைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று ஏணிகளை எடுத்துக்கொண்டு இறங்கினார். வெட்டிய இரண்டு வரிசையைத் தாணு பார்த்தான். சிலது தேறும், சிலது பட்டை காய்ந்துவிடும், எது என்று மழைக்குப் பிறகுதான் தெரியும் என்றான். சரி, இதற்கும் பொறுத்துத்தான் பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். தாணு மறுநாளிலிருந்து மற்ற வரிசைகளை வெட்டத் தொடங்கினான். அந்த வாரமே ஜெயசிங் அயிலை மீனில் உப்புக் குறைவு என்று சொன்னார். எனக்கு உயிர் வந்தது.

ஆறாம் மாசம் ரத்தம் கொடுத்துவிட்டு, முடிவை வாங்கிக்கொண்டு டாக்டர் பெனினிடம் போனோம். போகும்போது பஸ்ஸிலேயே ஜெயசிங்கிடம் கறாராகச் சொல்லிவிட்டேன். "அங்க போய் எத்தன வருஷம்ணு கேக்கப்பிடாது. அவரு செல்லுதத மட்டும் கேளுங்க. நான் இந்தச் சொறிச்சலுக்கு மட்டும் ஒரு மருந்து கேப்பேன், ராத்திரி தூங்க முடியல்ல. வேற ஒண்ணும் நமக்கு வேண்டாம்."

"நான் கேக்கல்ல" என்றார், அடிவாங்கின பிள்ளை மாதிரி.

டாக்டர் முடிவுகளைப் பழையதோடு வைத்துப் பார்த்தார். மறுபடி விலாவில் கருவியை வைத்துச் சுண்டினார். அந்த நேரத்தில் அவர் புருவத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஏறினால் நல்லதா இறங்கினால் நல்லதா என்று எனக்குத் தெரியாது.

"மருந்து வேலை செஞ்சிருக்கும்மா. ஆனா நாங்க எதிர்பார்த்த அளவுக்கு இல்ல. ஒரு கணக்கு நல்லாக் குறைஞ்சிருக்கு. இன்னொண்ணு அப்படியே நிக்குது."

"நல்லதா கெட்டதா சாரே?" என்றேன்.

"ரெண்டுக்கும் நடுவுல. கூட ஒரு மாத்திரை சேர்க்கலாம். மறுபடி ஆறு மாசம் பார்க்கலாம்."

"ஸ்டேஜு?"

"மூணுதான். கருவியில கொஞ்சம் கூடுதலாக் காட்டுது. ஆனா இந்தக் கருவி ஒரு தடவை கூட்டிக் காட்டும், ஒரு தடவை குறைச்சுக் காட்டும். இதை வச்சு மோசமாயிடுச்சுன்னு சொல்ல முடியாது. ஆகலைன்னும் அடிச்சுச் சொல்ல முடியாது."

ஜெயசிங் குடையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். உதடுகளை இறுக்கி வைத்திருந்தார். வாக்குக் கொடுத்தபடி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவரை நினைத்து எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

"வேற எதுவும் கேட்கணுமாம்மா?" என்றார் டாக்டர்.

சொறிச்சலைப் பற்றிக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன்.

"சாரே, நான் எத்தன வருஷம் இருப்பேன்?"

குரல் என்னுடையதுதான். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "எனக்குத் தெரியாதும்மா" என்றார். "நிஜமாவே தெரியாது. தெரிஞ்சா உங்ககிட்ட மறைக்க மாட்டேன்."

ஆள் கூட்டத்துக்கு முன்னால் ஒரு மனுஷனைத் தரையில் உட்காருகிற அளவுக்குத் திட்டினேனே, அவருக்கு வேண்டியிருந்த அதே கணக்கு எனக்கும் வேண்டியிருந்தது. அவரைவிட எனக்குத்தான் அதிகம் வேண்டியிருந்தது. ஐந்து என்று சொன்னாலும் சரி, இரண்டு என்று சொன்னாலும் சரி, ஒரு எண்ணைச் சொல்லிவிட்டால் அதைப் பிடித்துக்கொண்டு எழுந்து வீட்டுக்குப் போய்விடலாம் போலிருந்தது. வியாதி வந்ததிலிருந்து நான் யார் முன்னாலும் அழுததில்லை. அங்கே அழுதேன், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, நிறுத்த முடியாமல்.

ஜெயசிங் குடையைக் கீழே வைத்தார். நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு டாக்டரைப் பார்த்தார்.

"அவளுக்குச் சொறிச்சலுக்கு ஒரு மருந்து எழுதுங்க சாரே" என்றார். "அதக் கேக்கத்தான் வந்தா. ராத்திரி தூக்கமில்ல."

டாக்டர் பேனாவை எடுத்து எழுதத் தொடங்கினார்.